ஐந்து விரல்களுக்குள்

மொத்தம் இருபத்துமூன்று தாள்கள்.
பெயரில்லை, எண் மட்டும்.
மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தை ஒட்டி ஒரு கண்ணாடிக் கடை,
அதன் மாடியில் நாங்கள் மூவர்:
நான், பெர்சி, குழித்துறையிலிருந்து றோஸ்மேரி டீச்சர்.

விதி சின்னது.
பதினாறு பார். வாசிப்பவர் மூன்று மாதம் மட்டுமே படித்தவர்.
கட்டைவிரல் தன் கட்டையை விட்டு நகரக் கூடாது.
விதியை எழுதியவன் நான்.
மாதிரிக்கென்று ஒரு துண்டு எழுதி அனுப்பியவனும் நான்தான்.

முதலில் 'முட்டத்துப் பாறை' என்றொரு தாள்.
முதல் வரியில் அலை, அடுத்த வரியில் புயல்,
பென்சில் முனை ஒடியும்வரை சுரங்கள்.
"கடல் தெரியுது பாத்தியளா" என்றான் பெர்சி.
தெரிந்தது.
நீந்தத் தெரியாதவருக்கல்லவா எழுதச் சொன்னோம்.

பதினேழாம் எண், 'வடசேரி கடைசி பஸ்'.
இடதுகைக்கு ஒரே சுரம், பதினாறு பாருக்கும்,
டிரைவரின் முதுகுபோல அசையாமல்.
முடிவில் இரண்டு விசில்.
சிரித்துக்கொண்டே ஏழு போட்டேன்.

ஒன்பதுக்குத் தலைப்பில்லை.
மூன்றாவது பார் காலி:
நாலாம் கோட்டில் தொங்கும் சின்னக் கறுப்புச் செங்கல்,
வேறொன்றுமில்லை.
"மறந்துபோயிருப்பான்" என்றான் பெர்சி.
டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
மிச்சம் பின்பக்கம் இருக்குமோ என்று.

வாசித்துக் காட்ட எமிலெட் வந்திருந்தாள்.
முப்பத்தெட்டு வயது. அண்டி ஆபீஸில் தல்லுகிற வேலை.
எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்நுனிகள்.
ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது.
வெள்ளைக் கட்டைகளையும் அப்படித்தான் தட்டினாள்,
வேண்டிய அளவுக்கு ஒரு அடி,
அதற்கு மேல் இல்லை.

என் மாதிரியைத்தான் முதலில் வாசித்தாள்.
மூன்றாவது பாரில் நின்றாள்.
திரும்பத் தொடங்கினாள். அங்கேயே நின்றாள்.
"கை வரல்ல சார், மன்னிக்கணும்."
எட்டிப் பார்த்தேன்.
மோதிர விரலைத் தனியே எழும்பச் சொல்லியிருக்கிறேன்,
அதே நொடியில் இடதுகையைச் சுரம் மாறச் சொல்லியிருக்கிறேன்.
ஒரு கட்டன்சாயா ஆறுவதற்குள் எழுதி முடித்த துண்டு அது.
எளிது என்று நான் நினைத்தது
என் விரல்களின் இருபத்தாறு வருஷப் பழக்கத்தை.
தாளின் ஓரத்தில், போட்டியில் இல்லாத எனக்கு,
நாலு மதிப்பெண் போட்டு மடித்து வைத்தேன்.

பிறகு ஒன்பது.
இரண்டு பார் போனது.
மூன்றாவதில் கையைத் தூக்கினாள்.
கீழே கடையில் யாரோ கண்ணாடியைக் கீறுகிற சத்தம்.
எமிலெட் இடதுகையைப் பார்த்தாள்.
பெருவிரலைச் சேலையில் துடைத்தாள்.
உதடு எண்ணியது: ஒண்ணு, ரெண்டு, மூணு,
விரல்கள் அடுத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன, நாலு.
கீழே கண்ணாடி கோட்டோடு பிரிந்தது.
நாலாவது பார்
தடுக்காமல் வந்தது.

எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது,
பயம் எந்த இடத்தில் வருமென்று.
இதை நான் சொன்னேன்.
"சும்மா இருக்கதுக்கு மார்க்கா?" என்றான் பெர்சி.
டீச்சருக்கும் கடல்தான் பிடித்திருந்தது.
இரண்டுக்கு ஒன்று.
முட்டம் முதல் பரிசு, பஸ் இரண்டாவது, ஒன்பதுக்கு ஒன்றுமில்லை.
பரிசில்லாத உறைகளைப் பிரிப்பது வழக்கமில்லை,
அதனால் பிரிக்கவில்லை.

எமிலெட் மட்டும் படியில் நின்று கேட்டாள்:
"இந்தத் தாள எனக்குத் தருவியளா?"
வீட்டில் பியானோ உண்டா என்றேன்.
"எங்க! ஆபீஸ்ல மேச உண்டு.
மேஸ்திரி சாயாக்குப் போற நேரம் தட்டிப் பாப்பேன்."

கொடுத்தேன். மழை தூறியதால்
மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நாளை கருங்கல் பக்கம் ஒரு தகரக் கூரையின் கீழ்,
தோடுகள் குவிந்த மேசையில் அது வாசிக்கப்படும்.
பதினைந்து பார் யாருக்கும் கேட்காது.
மூன்றாவது மட்டும்
எழுதியவர் நினைத்தபடியே கேட்கும்.